சொந்த போனின் பூட்டை உடைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "செகண்ட் ஹேண்டில் ஐபோன் எக்ஸ் வாங்கினேன். ஐஓஎஸ் 17 இதில் ஏறாதாம். ஜெயில்பிரேக் செய்து தரச் சொன்னால், குன்னூர் கடைக்கார அண்ணன் 'போலீஸ் கேஸ் ஆயிடும் தம்பி' என்கிறார். நிஜமா?"

சட்டத்துக்கு அப்புறம் வருவோம். தம்பி கையில் இருப்பது லேசுப்பட்ட போன் இல்லை.

போனை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது பூட் ரோம். சிப்பை வார்க்கும்போதே அதில் பதித்துவிட்ட குட்டி நிரல் இது. அடுத்து வரும் நிரலில் ஆப்பிளின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் அதை ஓடவிடும். அந்த நிரல் தனக்கு அடுத்ததைச் சோதிக்கும். ஊட்டி ஏறும் வழியில் கல்லாறு செக்போஸ்ட்டில் இ-பாஸ் பார்க்கிறார்களே, அதையே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்த வரிசையை எங்காவது ஏமாற்றி, கையொப்பம் இல்லாத நிரலையும் ஓட வைப்பதுதான் ஜெயில்பிரேக்.

வழக்கமாக ஓட்டை இந்த வரிசையில் பின்னால் வரும் நிரல்களில் கிடைக்கும், அடுத்த அப்டேட்டில் அடைத்துவிடுவார்கள். 2019 செப்டம்பரில் வெளியான 'செக்மேட்' என்ற ஜெயில்பிரேக் உத்தி பூட் ரோமிலேயே கை வைத்தது. போன் படுத்துவிட்டால் கேபிள் வழியாக உயிர் கொடுக்க டிஎஃப்யூ என்று ஒரு நிலை உண்டு. அதில் யுஎஸ்பி வழியே வரும் தரவை வைக்க நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, அதன் முகவரியைக் குறித்துக்கொள்வார்கள். தரவு பாதி வந்துகொண்டிருக்கும்போதே வேலையை ரத்து செய்தால் இடம் காலியாகிவிடும். குறித்து வைத்த முகவரி மட்டும் அழியாது. டிஎஃப்யூ மறுபடி தொடங்கும்போது அதே இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்திருப்பார்கள். பழைய முகவரியோ இன்னும் செல்லும். அதற்குத் தரவு அனுப்பினால் அடுத்தவர் இடத்தில் போய் எழுதும்! நிரலின் போக்கையே திருப்ப அது போதும்.

ஐபோன் 4எஸ் முதல் எக்ஸ் வரை இந்த ஓட்டை உண்டு. ரோமைத் திருத்தி எழுத முடியாது என்பதால் எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது. ஆனால் கேபிள் வேண்டும், ரீஸ்டார்ட் ஆனால் மாற்றம் போய்விடும். நம் கல்லூரிகளில் சைபர் பாதுகாப்புக் கருத்தரங்குக்குப் பணம் கிடைக்கிறது. பையன்கள் நோண்டிப் பார்க்க நாலு பழைய போன் வாங்கத்தான் கிடைப்பதில்லை.

சரி, சட்டம். அமெரிக்காவில் 1998-ன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி டிஜிட்டல் பூட்டை உடைப்பதே சட்டவிரோதம். மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளை அறிவிப்பவர், நம்புங்கள், நாடாளுமன்ற நூலகத்தின் நூலகர். 2010-ல் போனுக்கு விலக்கு. 2012-ல் டேப்லெட்டுக்குக் கேட்டபோது இல்லை என்றார்கள், 2015-ல் கொடுத்தார்கள். டிராக்டர் மென்பொருளின் பூட்டுக்கும் அந்த ஆண்டுதான் விலக்கு கிடைத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் வழக்கில், பூட்டை உடைக்கும் கருவி நடைமுறையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்கச் சொன்னது.

இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு நோக்கத்தைப் பார்க்கிறது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்கு உடைத்தால் இந்தப் பிரிவு தடுக்காது. சொந்த போனில் தனக்குப் பிடித்த ஆப் போட்டுக்கொள்வதை, என் வாசிப்பில், இது குற்றமாக்கவில்லை. திருட்டு ஆப் என்றால் கதை வேறு. இதிலும் ஒரு வேடிக்கை: அடுத்தவருக்கு உடைத்துக் கொடுப்பவர், கேட்டு வந்தவருடைய பெயர், முகவரி, எதற்காகக் கேட்டார் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். குன்னூர் அண்ணனுக்குத் தேவை பயமல்ல, ஒரு ரிஜிஸ்தர் நோட்டு.

வாரண்டி மறுக்கப்படலாம், பல வங்கி ஆப்கள் ஓடாது. அவை போலீஸ் விவகாரம் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே.