கரை ஏறிய தீவும் கரை இறங்கிய தீவும்

நிலநடுக்கம் வந்ததும், அதை ஆராயும் எங்களிடம் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள்: எத்தனை ரிக்டர், மையம் எங்கே? வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டினால் கேட்டவர் திருப்தியாகிவிடுவார். ஆனால் பெரிய நடுக்கம் புள்ளியில் நடப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே தொடங்கிய பாறை முறிவு, வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. செய்தியில் வந்த புள்ளி, அது தொடங்கிய இடம் மட்டுமே.

முறிந்தது கடலுக்கடியில். போய்ப் பார்க்க முடியாது. தீவுக் கரைகளைத்தான் படிக்க வேண்டும். வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன. கடல் வற்றும்போது நீர் நிற்கும் மட்டத்துக்கு மேல் பவளம் வளராது. ஆகவே செத்த பவளத்தின் உச்சி இன்றைய வற்ற மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்தால், நிலம் ஏறிய அளவு கிடைத்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் ஏறிய இடங்களும் உண்டு. கருவியே வைக்காத தீவிலும் அளக்கலாம் என்பதால், ஜிபிஎஸ்ஸைவிட எனக்கு இதில்தான் ஆசை அதிகம்.

தெற்கே நேர்மாறு. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போனது. போர்ட் பிளேர் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறக்கம். அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல்நீர் திரும்பவே இல்லை. சுனாமித் தண்ணீர் இன்னும் வடியவில்லை என்று நினைக்கத் தோன்றும். வயலே தாழ்ந்துவிட்ட பிறகு எங்கே வடிவது?

சரி, ஒரே நடுக்கத்தில் ஏன் இந்த இரண்டும்? இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பெரும் பாறைத் தகடு, இந்தத் தீவுகளின் அடியில் நுழைகிறது. இரண்டு தட்டும் இறுகிக் கிடக்கும் காலத்தில், தீவுகள் இருக்கும் மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டு, அதன் பின்பக்கம் மெல்லப் புடைக்கும். பிடி விட்டதும் விளிம்பு எழும்பும், பின்பக்கம் தாழும். ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் கோட்டைத் தீவு தீவாக வரைந்தால், அடியில் தட்டு எதுவரை வழுக்கியது என்பது ஓரளவு பிடிபடும். தீவுகள் மீட்டர் கணக்கில் தென்மேற்காக நகர்ந்தன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரு ஜிபிஎஸ் நிலையம்கூட கிழக்கே கொஞ்சம் நகர்ந்தது, சென்டிமீட்டர் அளவில்.

அதோடும் முடியவில்லை. நடுக்கம் ஓய்ந்த பிறகும் தீவுகள் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகர்ந்தபடி இருந்தன. அங்கே சாலையோ படகுத்துறையோ கட்டப் போகிறவர்கள் 2004க்கு முந்தைய மட்டக்குறியை (நிலத்தின் உயரத்தை அளந்து வைத்த குறி) வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பிந்தைய குறியாக இருந்தாலும், எந்த ஆண்டில் அளந்தது என்று கேட்டு வாங்குங்கள்.