தடப்பலகை வைத்தால் ரம்பம் உதைக்காதா?

நேற்று பழுதுபார்க்க என் மேசைக்கு வந்த வட்ட ரம்பத்தில், பிளேடை மறைக்கும் கீழ்க் காப்பு மூடியைச் செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மரத்தின்மேல் பதிந்து ஓடும் அடித்தட்டின் முன்மூலை மடங்கியிருந்தது. மின்வயரில் உள்ளிருக்கும் தாமிரம் தெரியும்படி ஒரு வெட்டு. கொண்டுவந்தவரின் இடது கையில் நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே கட்டுப் போட்டிருந்தது.

"பேரிங் போயிருக்கும் போலிருக்கிறது அண்ணே, திடீரென்று துள்ளுகிறது. மாற்றிக் கொடுங்கள்" என்றார்.

பிளேடைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. அப்படியே அவரிடம் சொன்னேன். "தடப்பலகை வைத்துத்தானே அறுத்தேன், அப்புறம் எப்படித் துள்ளும்?" என்றார். இந்த மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது மூன்றாவது முறை. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ரம்பம் நேராக ஓட, அறுக்கும் மரத்தின்மேல் வைக்கும் வழிகாட்டிதான் தடப்பலகை. நல்ல சாமான்தான். 6 மி.மீ. ப்ளைவுட்டில் ஓர் அடிப்பலகை, அதன்மேல் ஆலையில் வெட்டிய நேர் விளிம்புள்ள 12 மி.மீ. பட்டை, இரண்டையும் பசையும் திருகும் போட்டு இணைத்துவிட்டு, பட்டையை ஒட்டி ரம்பத்தை ஒருமுறை ஓட்டினால் அடிப்பலகையின் மிச்சம் கழிந்துவிடும். அந்தப் புது விளிம்பைப் பென்சில் கோட்டில் வைத்தால் பிளேடு அங்கேதான் அறுக்கும். செய்ய ஒரு மணி நேரம் போதும். வேறு தடிமனுள்ள பிளேடு மாட்டினால் அந்த விளிம்பு பொய் சொல்லும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பலகை ரம்பத்தை ஒரு பக்கம் விலகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. ரம்பம் இப்படித் துள்ளி உதைப்பது கோணல்மாணலாகப் போவதால் மட்டுமல்ல, அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுவதாலும்தான். 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது அதன் பற்கள் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. கவ்விய மரம் அசையாது. அப்போது ரம்பம்தான் பின்னால் எகிறி வரும், உங்களை நோக்கி.

நம்பாதவர்கள் ஒரு தடித்த அட்டையைக் குறுக்கே மேல்பக்கமாகப் பாதி ஆழத்துக்குக் கீறிவிட்டு, இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் வைத்து நடுவே அழுத்திப் பாருங்கள். கீறல் மேலே மூடிக்கொள்ளும். இரண்டு முக்காலிகளின்மேல் ப்ளைவுட் பலகையைப் போட்டு நடுவில் அறுக்கும்போதும் இதுவேதான் நடக்கிறது. பலகை தொய்கிறது, வாய் மூடுகிறது. தடப்பலகை எத்தனை நேராக இருந்து என்ன பயன்? தரையில் சட்டங்களைப் போடுங்கள், கோட்டுக்கு இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு. அறுத்து முடித்தபிறகும் இரு துண்டுகளும் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடித்தட்டின் விளிம்புக்கு பிளேடு இணையாக இல்லாத ரம்பத்தைக் கையால் ஓட்டினால், அது தன் போக்கில் கொஞ்சம் சாய்ந்து போய்ச் சமாளித்துக்கொள்ளும். தடப்பலகையில் அந்தச் சலுகை கிடையாது. பிளேடின் பின்பாதி மரத்தை உரசிக்கொண்டே வரும். அறுத்த விளிம்பு கருகியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று புதிது வாங்க ஓடுகிறீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் தூக்கி, ஒரு பல்லில் அடையாளமிட்டு, அதே பல்லை முன்னும் பின்னும் கொண்டுவந்து அடித்தட்டு விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே விழுந்த ரம்பம் என்றால் கட்டாயம் பாருங்கள்.

காப்பு மூடி சிக்குகிறது என்று கட்டி வைக்கிறார்களே, அவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. நான் கழற்றிப் பார்த்ததில் பெரும்பாலும் மூடியின் சுழலும் இடத்தில் பிசினும் மரத்தூளும்தான் அப்பியிருக்கும். துடைத்தால் போய்விடும்.

தடப்பலகையின் இரு முனைக்கும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரண்டு இல்லையென்றால் அன்றைக்கு அறுக்க வேண்டாம். பிளக்கை மாட்டும் முன் ரம்பத்தை முழு நீளமும் வெறுமனே தள்ளிப் பாருங்கள். மோட்டார் கிளாம்பில் இடிக்கும் என்பது பாதி வழியில் தெரியக்கூடாது. வயர் தடப்பலகையின் நுனியில் மாட்டாதபடி தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். பல் அறுக்கும் பலகைக்குக் கீழே 5 மி.மீ. எட்டினால் போதும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். நடுவில் திணறினால் சுவிட்சை விட்டுவிட்டு பிளேடு நிற்கும்வரை அப்படியே பிடித்திருங்கள்; தயவுசெய்து சுழலும் பிளேடைப் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

நேற்று வந்தவரிடம் ஒரே ஒரு கிளாம்ப்தான் இருந்ததாம். அதைத் தூர முனையில் போட்டுவிட்டு, பக்கத்து முனையை இடது கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறார். ரம்பத்துக்கு நேர் பின்னால். மூடியோ கட்டிக் கிடந்தது. மீதியை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பியை அறுத்தெறிந்து, மூடியைச் சுத்தம் செய்து, தளர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினேன். தூக்கி விட்டுப் பார்க்கச் சொன்னேன். வலது கையால் தூக்கி விட்டார். டப்பென்று மூடியது. புது அடித்தட்டும் வயரும் வரும்வரை மிஷின் என்னிடமே இருக்கட்டும் என்றேன். தலையாட்டிவிட்டு, "இன்னொரு கிளாம்ப் எத்தனை அங்குலத்தில் வாங்கட்டும்?" என்று கேட்டார்.