350 குதிரைத்திறன் எப்படி ஆயிரம் டன்னை நகர்த்துகிறது?

பிரிட்டிஷ் ரயில் வீடியோக்களை விரும்பிப் பார்க்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். யார்டில் வேகன்களை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றும் கிளாஸ் 08 என்ற ஷன்டிங் இன்ஜினுக்கு வெறும் 350 குதிரைத்திறன்தான். இன்று ஒரு சொகுசுக் காரிலேயே அவ்வளவு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அது எப்படிச் சரக்கு ரயிலை இழுக்கிறது? இரண்டாவது, டீசல் இன்ஜினுக்கு எதற்கு நீராவி இன்ஜின் மாதிரி சக்கரங்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டு?

முதல் கேள்விக்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கிளாஸ் 08-இன் உள்ளே ஆறு சிலிண்டர் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் எஞ்சின் இருக்கிறது. கொள்ளளவு சுமார் 92 லிட்டர், வேகம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 680 சுற்று. அது ஜெனரேட்டரைச் சுற்ற, மின்சாரம் இரண்டு மோட்டார்களுக்குப் போகிறது. வழியில் இழப்புகள் போக, சக்கரத்துக்கு வந்து சேருவது 260 குதிரைத்திறன், அதாவது 194 கிலோவாட். இன்ஜினின் உச்ச இழுவிசை 156 கிலோநியூட்டன். திறனை விசையால் வகுத்துப் பாருங்கள்: அந்த முழு இழுவிசை கிடைப்பது மணிக்கு நாலரை கிலோமீட்டர் வரைதான். யார்டில் ஒருவர் பேசிக்கொண்டே கூட நடந்து வரலாம். மணிக்கு 14 கிலோமீட்டரில் அதே திறனுக்கு 49 கிலோநியூட்டன்தான் கிடைக்கும். சமதளத்தில் உருண்டுகொண்டிருக்கும் ஆயிரம் டன் ரயிலுக்கு, டன்னுக்கு ஐந்து கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பு விசை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அது போதும். வேகத்தை விட்டுக்கொடுத்தால் விசை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பேரத்தை நடத்துவது 23.9-க்கு 1 என்ற பல்சக்கர விகிதம். மோட்டார் கிட்டத்தட்ட 24 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதே எஞ்சினை வைத்துப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றி கிளாஸ் 09 என்று 26 இன்ஜின்கள் செய்தார்கள். வேகம் மணிக்கு 27 மைலாக உயர்ந்தது, இழுவிசை 111 கிலோநியூட்டனாக இறங்கியது. வெறும் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து வண்டி வாங்குவது, என் கருத்தில், ராசியான நிறம் பார்த்து வாங்குவதைவிட ஒரு படிதான் மேல்.

சரி, தண்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

எவ்வளவு விசை இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காவிட்டால் பயனில்லை. இன்ஜினின் எடை சுமார் 50 டன், அதாவது 490 கிலோநியூட்டன். அதில் 156 என்றால் 0.32 உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறும் என்ற எண்) வேண்டும். காய்ந்த தண்டவாளத்தில் கிடைக்கும். மழை தூறினால் மணல் தூவ வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு, மொத்த எடையும் பிடிப்புக்கு உதவுகிறது என்று வைத்துப் போட்டது. இன்ஜினுக்கு மூன்று அச்சுகள், மோட்டாரோ முன் அச்சிலும் பின் அச்சிலும் மட்டும்தான். தண்டு இல்லையென்றால் நடு அச்சின் மேல் உட்காரும் 16 டன்னுக்கு மேற்பட்ட எடை வீண்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகன்கள் இன்ஜினைப் பின்னுக்கு இழுப்பது தண்டவாளத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். சக்கரம் முன்னுக்குத் தள்ளுவதோ தண்டவாள மட்டத்தில். இரண்டும் சேர்ந்து இன்ஜினின் மூக்கைத் தூக்கப் பார்க்கின்றன. முன், பின் அச்சுகளுக்கு இடையே மூன்றரை மீட்டர் இருப்பதால், முழு விசையில் இழுக்கும்போது முன் அச்சிலிருந்து நாலைந்து டன் எடை பின் அச்சுக்குப் போய்விடும். முன்னே 12 டன், பின்னே 21 டன். முன் மோட்டாருக்கு இது தெரியாது. தன் பங்கான பாதி விசையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்டு இல்லாவிட்டால் அந்த அச்சுக்கு 0.66 கெழு வேண்டும். எந்தத் தண்டவாளமும் அவ்வளவு தராது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

தண்டு ஒரு நுகத்தடி. மூன்று அச்சுகளும் ஒன்றாகத்தான் சுற்ற முடியும், ஒன்று மட்டும் நழுவ முடியாது. முன் மோட்டாரின் உபரி விசை தண்டு வழியாக, எடை அதிகம் இருக்கும் பின் அச்சுக்கும் சும்மா இருக்கும் நடு அச்சுக்கும் தானாகவே போய்ச் சேரும். இதற்கு சென்சார் வேண்டாம், சர்க்யூட் வேண்டாம்.

அடுத்த முறை படத்தை நிறுத்திக் கவனியுங்கள். ஒரு பக்கம் கிராங்க், அதாவது தண்டை அச்சோடு இணைக்கும் கை, உச்சியில் இருக்கும்போது மறுபக்கம் கிடையாக இருக்கும். கிராங்கும் தண்டும் ஒரே கோட்டில் கிடக்கும் அந்தக் கணத்தில் தண்டால் அச்சைத் திருப்ப முடியாது, இழுக்கவும் தள்ளவும்தான் முடியும். அப்போது மறுபக்கத் தண்டு முழு வேலையையும் ஏற்கும். கால் சுற்று கழித்துப் பொறுப்பு இடம் மாறும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் வைத்திருந்தால் சுற்றுக்கு இருமுறை மூன்று அச்சுகளும் ஒன்றையொன்று கைவிட்டுவிடும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வரவில்லை. எல்.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் ரயில் கம்பெனி 1930களில் இரண்டு வகைகளையும் வாங்கி ஓட்டிப் பார்த்தது: இரண்டு மோட்டார்களை நேராக அச்சுகளில் மாட்டியது ஒன்று, சக்கரமில்லாத தனி அச்சு ஒன்றைச் சுழற்றி அதிலிருந்து தண்டு வழியாகச் சக்கரங்களுக்கு விசை கொடுத்தது மற்றது. 1939இல் இரண்டாவது வகையைத் தொடர்ந்து கட்டிவிட்டு, 1945 முதல் முந்தைய வகைக்கே திரும்பியது. அந்த வடிவமைப்பிலிருந்து வந்ததுதான் 1952 முதல் 1962 வரை டெர்பி, கிரூ, டார்லிங்டன் முதலிய பணிமனைகளில் கட்டிய 996 கிளாஸ் 08கள். இரண்டு வருடத்தில் முடிவைக் காட்டு என்று கேட்கும் இன்றைய ஆராய்ச்சி நிதிக் குழுக்களிடம் இந்தத் திட்டம் தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிடிப்புதான் எல்லை என்பதற்கு ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் டின்ஸ்லி யார்டு நல்ல சாட்சி. அங்கே ரயிலை மேட்டின் மீது மெதுவாகத் தள்ளி ஏற்றி, வேகன்களைக் கழற்றி உருளவிடுவார்கள். ஒரு 08-ஆல் அது முடியவில்லை. பெரிய எஞ்சின் பொருத்தினாலும் அதே 50 டன்தானே? அதனால் 1965இல் இரண்டு 08களை நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டி, ஒன்றின் ஓட்டுநர் அறையை அகற்றி, முன்னும் பின்னும் இருக்கும் பஃபர் பீம் என்ற முட்டுச் சட்டங்களைக் கனமானவையாக மாட்டி எடையை 120 டன்னாக்கினார்கள். கிளாஸ் 13 என்று பெயர். மொத்தம் மூன்றே ஜோடிகள், 1985 வரை ஓடின.