அளவுகோல் மாறட்டும், பிள்ளையின் தெரபியை நிறுத்தாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து வந்துகொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளை ஒருவனைப் பல மாதங்கள் காணவில்லை. போன வாரம் திரும்பக் கூட்டி வந்தார்கள். இடையில் தெரபி எதுவும் நடக்கவில்லை. காரணம் கேட்டால், ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு. "ஓட்டிசத்துக்கான அளவுகோலையே மாத்தப் போறாங்களாம். அவசரப்பட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்காதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ." இவர்களும் பொறுத்திருக்கிறார்கள். நிறுத்தியபோது அவன் தண்ணீர் வேண்டுமென்றால் படத்தை எடுத்துத் தரப் பழகியிருந்தான். இப்போது மறுபடியும் அம்மாவின் கையை இழுத்துப் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று அழுகிறான்.

இப்படி வரும் முதல் குடும்பம் இது அல்ல. அதனால்தான் எழுதுகிறேன். நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். ஓட்டிசம் என்று முடிவு சொல்வது என் வேலை இல்லை, அது சிறுவர் மனநல மருத்துவரின், குழந்தை நல மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வாராவாரம் பார்ப்பது நாங்கள்தான்.

முதலில் ஓட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல் பற்றிய அந்த விவாதம் என்னவென்று பார்ப்போம். மனநல நிலைகளைக் கண்டறிவதற்காக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்ற கையேட்டின் 1994 பதிப்பில் ஓட்டிசம், அஸ்பேர்கர் (பேச்சு பிந்தாத, ஆனால் பழகுவதில் சிரமம் உள்ளவர்களுக்குக் கொடுத்த பெயர்) என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பு அவற்றை ஒரே நிலையாகச் சேர்த்தது. ஒரே மாதிரியான பிள்ளைக்கு ஒரு கிளினிக்கில் ஒரு பெயரும் இன்னொரு கிளினிக்கில் வேறொரு பெயரும் கிடைத்துக்கொண்டிருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். நோய்களை வகைப்படுத்தும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலும் அதே வழியில் போனது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

அந்த மாற்றத்துக்கு முன்பே பெரிய சண்டை நடந்தது. 2012 இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் வோல்க்மார் குழு, பழைய தரவுகளை வைத்துப் பார்த்தால், முன்பு கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 60 சதவீதமானவர்கள்தான் புதிய அளவுகோலுக்குள் வருவார்கள் என்று சொன்னது. பெற்றோர் பதறினார்கள். அதே ஆண்டு இன்னொரு ஆய்வாளரான கதரின் லோர்ட்டின் குழு, ஏற்கெனவே கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 91 சதவீதமானோர் உள்ளே வருவார்கள் என்று காட்டியது. கடைசியில் கையேட்டிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்: பழைய முறைப்படி உறுதியாகக் கண்டறியப்பட்டவர்களுக்குப் புதிய பெயரையே கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை எங்கள் உறவினர் யாரும் குரல்பதிவில் அனுப்புவதில்லை.

இப்போது நடக்கும் விவாதம் வேறு திசையில் போகிறது. எல்லோரையும் ஒரே கூட்டில் சேர்த்ததால், பேச்சே இல்லாத, இரவு பகலாக ஒருவர் கூடவே இருக்க வேண்டியவர்களின் தேவை மறைந்து போகிறது என்று பல பெற்றோரும் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். 2021 இறுதியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு ஒன்று இப்படிப்பட்டவர்களைத் தனியாகக் குறிக்க ஒரு பெயரை முன்வைத்தது. பிரித்துப் பார்ப்பது அவமதிப்பு என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எதிர்க்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு, எனக்கே இன்னும் ஒரு முடிவில்லை. ஆனால் அந்தப் பெயர் சின்னப் பிள்ளைகளுக்காக முன்வைக்கப்பட்டதே அல்ல. உங்கள் நான்கு வயது மகனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அடுத்து, என்னை அதிகம் சோர்வடைய வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். பெயர் போனால் நிலையும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். "அஸ்பேர்கரை எடுத்துவிட்டார்களாமே, அப்படியென்றால் என் மகளுக்கு ஒன்றுமில்லைதானே?" என்று படித்த அப்பா ஒருவர் கேட்டார். தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். ஓட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பிள்ளை எப்படிப் பழகுகிறது, எப்படி விளையாடுகிறது என்பதைப் பார்த்து, அதன் வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். எதை எதைப் பார்க்க வேண்டும், எத்தனை இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கூடிப் பேசி எழுதிக்கொண்டதுதான் அளவுகோல். கிராம சேவகர் பிரிவின் எல்லையை மாற்றினால் உங்கள் வீடு இடம் மாறுமா? பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஓட்டோ ஹோர்ன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்காரும் பிள்ளை, வொஷிங்டனில் ஒரு குழு கூடி எழுதியதால் நாளைக்கே திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அந்த மகளுக்கு வகுப்பில் சிநேகிதி கிடைக்காத கவலை 2013 க்கு முன்னும் அப்படியே இருந்திருக்கும், பின்னும் அப்படியேதான் இருக்கும். உதவி அந்தக் கவலைக்குத்தான், புத்தகத்தில் உள்ள பெயருக்கு அல்ல.

வெளிநாட்டில் இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்றும் புரிந்துகொள்ளுங்கள். அங்கே காப்புறுதி, பாடசாலை உதவி, அரசாங்கப் பணம் எல்லாம் அறிக்கையில் உள்ள சொல்லோடு கட்டுப்பட்டிருக்கின்றன. சொல் மாறினால் உதவி போய்விடுமோ என்ற அவர்களின் பயம் நியாயமானது. இங்கே நாங்கள் நடத்துகிற தெரபியை எந்தக் குழுவும் வெட்டவில்லை. நாமாகத்தான் வெட்டிக்கொள்கிறோம்.

அறிக்கையில் ஒன்று முதல் மூன்று வரை போடும் லெவல் பற்றியும் ஒரு சொல். லெவல் ஒன்று என்றால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டிசம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு உதவி வேண்டும் என்பதை அது சொல்கிறது. பழகுவதற்கு ஒன்று, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே போடச் சொல்லியிருக்கிறார்கள். வயதோடும் இடத்தோடும் அது மாறும். முன்பள்ளியில் சமாளித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் பெரிய பாடசாலைக்குப் போனதும் தடுமாறலாம். புதிய அளவுகோல் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருந்தாலும், சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பு கூடும்போதுதான் முழுதாகத் தெரியலாம் என்கிறது. நன்றாகக் கதைக்கும் பெண் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பிந்திப் பிடிபடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

அறிக்கையில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீடு கேளுங்கள். அது உங்கள் உரிமை. பொரளை லேடி றிஜ்வே சிறுவர் மருத்துவமனைக்கோ, றாகமவில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயதி நிலையத்துக்கோ, நீங்கள் நம்பும் மருத்துவரிடமோ போங்கள். ஆனால் அதற்குக் காத்திருக்கும் நாட்களில் தெரபியை விடாதீர்கள். தமிழில் செய்பவர்கள் கொழும்பிலேயே குறைவு, நீங்கள் விட்ட இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். போகும்போது பிறந்ததும் தந்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும், போனில் உள்ள இரண்டு மூன்று வயது வீடியோக்களையும் கொண்டு போங்கள். முன்பு இருந்து இப்போது குறைந்த அறிகுறியும் கணக்கில் வரும். பிறந்தநாள் வீடியோவில் எல்லோரும் கை தட்டும்போது பிள்ளை எங்கே பார்க்கிறது என்பது எங்களுக்கு நிறையச் சொல்லும்.

செவிப்புலன் பரிசோதனை செய்யாமல் பேச்சு பிந்துவதைப் பற்றி யாரும் முடிவு சொல்லக்கூடாது. செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, மூன்று மொழி குழப்பும் என்று சொல்லி வீட்டில் தமிழை நிறுத்தி, உடைந்த ஆங்கிலத்தில் பிள்ளையோடு கதைக்கும் பெற்றோரைத் தொடர்ந்து பார்க்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பிந்துவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மம்மாவுக்கு வரும் மொழியில் அம்மம்மா கதைக்கட்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் உறவுகளுக்கு: உங்கள் அக்கறை உண்மையானது, எனக்குத் தெரியும். அடுத்த செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு வீடியோ கோல் எடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டுப் பத்து விநாடி பேசாமல் காத்திருங்கள். திரும்பிப் பார்த்தால் அவனுக்குப் பிடித்த ரயில் பொம்மையைக் காட்டுங்கள். அவன் ஒரு சத்தம் போட்டால் அதையே நீங்களும் போடுங்கள். பிறகு அம்மாவிடம், அடுத்த தெரபி எந்த நாள் என்று கேளுங்கள்.