கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்

பாடம் நடத்தி முடித்ததும் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். முன் வரிசையில் இருந்து நாலு பேர் "புரிஞ்சுது சார்" என்கிறார்கள். அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். விடைத்தாள் திருத்தும்போதுதான் உண்மை தெரிகிறது.

பல வருடங்கள் நானும் இப்படித்தான் நடத்தினேன். இப்போது சக ஆசிரியர்கள் கூப்பிட்டால் அவர்கள் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கவனிக்கிறேன். அப்புறம் அவர்களோடு தனியாகப் பேசுகிறேன்.

கல்லூரியில் ஒரு கணித வகுப்பு. இளம் ஆசிரியை, நன்றாகத் தயார் செய்து வந்திருந்தார். தொகையிடல் கணக்கு ஒன்றைப் பாதியில் நிறுத்தி, "இங்கே எதைப் பிரதியிடலாம்?" என்று கேட்டார். எனக்கு முன் பெஞ்சில் இருந்த மாணவி தன் நோட்டைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள், நிமிர்ந்தாள், வாயெடுத்தாள். அதற்குள் ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பி விடையை எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் மறுபடி பேனாவை எடுத்துப் பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டாள். அதே விடை அவள் நோட்டின் ஓரத்தில் ஏற்கெனவே சின்னதாக எழுதியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை, "எவ்வளவு கேட்டாலும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க சார்" என்று வருத்தப்பட்டார். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்றேன். "பத்து செகண்டாவது இருக்கும்" என்றார். நான் குறித்து வைத்திருந்தது ஒன்றரை.

இது அவர் ஒருவருடைய பழக்கம் இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். 1970-களில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளின்படி, ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது 1 விநாடி அளவுதான். 3 விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். அவர் ஆராய்ந்தது பள்ளி வகுப்புகளை. கல்லூரியில் கேள்வி இன்னும் கடினமாக இருப்பதால் நேரமும் கூடுதலாகத் தேவை என்பது என் அனுபவம்.

அந்த ஆசிரியையிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். கேட்டார், சாக்பீஸை வைத்தார், நின்றார். அந்த அமைதி அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஐந்தாவது விநாடியில் ஒரு பையன் தப்பான பதில் சொன்னான். "இல்லடா, அது வராது" என்று இன்னொருவன். முன்பு பார்த்த மாணவி அன்றும் எல்லாருக்கும் கேட்கும்படி பேசவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவளிடம் நோட்டைத் திருப்பிக் காட்டி மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விளக்கத்தின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991-ல் இருந்து இதையே வகுப்பின் முறையாக ஆக்கினார். நாலு விடைகளோடு ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்கு எந்த இடத்தில் இடறும் என்பது நினைவில் இருக்கிறது. இருபது வருடமாக நடத்துகிற நமக்கு அது மறந்தே போயிருக்கும்.

"போர்ஷன் முடிக்கணுமே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாம் முடிப்பது நம் போர்ஷனை மட்டும். அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை 2014-ல் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர்களும் யோசித்துப் பங்கெடுத்த வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தாங்களே யோசித்துத் திணறும் வகுப்பில் மாணவர்களுக்குக் குறைவாகக் கற்றது போலத் தோன்றும், உண்மையில் கற்றது அதிகமாக இருந்தாலும். 2019-ல் வெளிவந்த ஒரு ஹார்வர்ட் ஆய்வில் அப்படித்தான் பதிவாகியது. அதனால் ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று முதல் வாரமே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

"புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாகக் கடைசி 2 நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டாம். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் ஒருமுறை ஒரே வகுப்பில் பதினோரு சீட்டுகள் "மூன்றாவது வரி" என்று வந்தன. நான் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போன வரி அது. மறுநாள் அங்கிருந்தே தொடங்கினேன். அப்படித் தொடங்காவிட்டால் அடுத்த வாரம் வெற்றுச் சீட்டுகள்தான் வரும்.

வகுப்புக்கே வராதவர்களின் மௌனம் இன்னும் கனமானது. தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராத மாணவனுக்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் "வருகைப்பதிவு குறைந்துள்ளது, நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற செய்தி. நான் இப்படி எழுதுகிறேன்: "போன இரண்டு வகுப்பிலும் உன்னைப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா? விட்டுப்போன பகுதியைச் சொல்லித்தர இருபது நிமிடம் போதும். வியாழன் 3 மணிக்கு என் அறையில் இருப்பேன்." நேரத்தைக் குறிப்பிடுவது முக்கியம். "எப்போ வேணும்னாலும் வா" என்றால் ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த வாசல் இன்னும் உயரம்.

என் செய்தியைப் பார்த்து வந்த ஒரு பையன் சொன்ன காரணம் இது: ஒரு அசைன்மென்ட் கொடுக்கவில்லை, முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதனால் வரவில்லை, வராததால் இன்னும் வெட்கம், அதனால் அடுத்ததற்கும் வரவில்லை. மூன்று வாரமாக அவன் பயந்துகொண்டிருந்தது என்னைப் பார்த்து. நான் அவனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில சமயம் வருகிற பதில் நம் கைக்கு மிஞ்சியதாக இருக்கும். "வாழவே பிடிக்கலை மேடம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிட மாட்டோம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அன்றைக்கே ஆலோசகரிடம் போக வேண்டும். போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், அடுத்த வகுப்பை இன்னொருவரை எடுக்கச் சொல்லிவிட்டு, நீங்களே கூட நடந்து போய் அந்த அறையில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் காரிடாரில் பார்த்தால் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அன்றைக்கு அது போதும்.