குளுக்கோஸ் பாட்டில் எல்லா ஷாக்குக்கும் மருந்து இல்லை

"உங்க வீட்டுக்காரர் ஷாக்குல இருக்காரும்மா" என்று சொன்னால், மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் "கரண்ட் எதுவும் அடிக்கலையே டாக்டர்" என்பார்கள். நாங்கள் சொல்லும் ஷாக் வேறு. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர வேண்டிய ரத்தம் போதாமல் உடம்பு உள்ளுக்குள்ளேயே பட்டினி கிடக்கிற நிலை அது.

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்ற வார்த்தைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ரத்தம் குறையும்போது உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓட்டிச் சமாளிக்கும். திடகாத்திரமான இளவட்டத்துக்கு மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் வரை போனாலும் மேல் பிரஷர் விழாமல் நிற்கலாம், அப்புறம் விழும்போது சரசரவென்று விழும். அதனால் கருவியைக் கட்டும் முன்பே நான் கையைத் தொட்டுப் பார்ப்பேன். கை சில்லென்று வேர்த்திருக்கிறதா, நாடி 100-ஐத் தாண்டி ஓடுகிறதா, பேச்சு குழறுகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார்? விரல் நுனியை அழுத்தி விட்டால் 3 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். கடலிலிருந்து நேராக வந்தவருக்குக் கை எப்படியும் சில்லிட்டுத்தான் இருக்கும், அவருக்கு நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்ப்பேன்.

அடுத்த கேள்வி, எந்த ஷாக் என்பது. வாந்தி, பேதி, ரத்தப்போக்கு என்றால் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ரத்தம் போனவருக்கு ரத்தமே வேண்டும். ஆனால் மாரடைப்பில் இதயமே தளர்ந்து வரும் ஷாக்கில் கதை தலைகீழ். நெஞ்சு கனமாக இருக்கிறது என்று சொன்ன ஒரு மீனவருக்கு, "அசதிதான்" என்று எங்கோ இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வரும்போது படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார், நுரையீரல் முழுக்க நீர். அவருக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு இ.சி.ஜி. வீட்டார் "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கெஞ்சும்போது நான் தயங்குவது இதனால்தான்.

அலர்ஜி ஷாக்கில் நிமிடங்கள்தான் கணக்கு. கடல்பாசி எடுக்கப் போன ஓர் அக்காவுக்குச் சொறி (ஜெல்லி மீன்) பட்டு, கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மயக்கம். சொறி பட்டால் பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும், சிலருக்குத்தான் இப்படி. வழியில் அலர்ஜி ஊசி மட்டும் போட்டிருந்தார்கள். அது அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. காப்பது அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லிகிராம், தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். இன்னொன்று, மயக்கம் வந்தவரைத் தூக்கி நிறுத்தி நடக்க விடாதீர்கள், சட்டென்று எழுப்பியதிலேயே இதயம் நின்றுபோகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்கார வையுங்கள்.

பனையிலிருந்து விழுந்தவர் இரண்டு விதமாக ஏமாற்றுவார். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் பிரஷர் குறைவாக இருக்கும், ஆனால் நாடி மெதுவாகவும் கால் கதகதப்பாகவும் இருக்கும். விலா உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டாலோ எத்தனை பாட்டில் ஏற்றினாலும் பிரஷர் ஏறாது, எக்ஸ்ரேக்குக் காத்திராமல் நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்குத் திருக்கை முள் குத்திய காலோ, சிறுநீர்த் தொற்றோ முற்றி வரும் ஷாக்கில் தொடக்கத்தில் கை சூடாகவே இருக்கும். அதனாலேயே வீட்டில் "வெறும் காய்ச்சல்" என்று இரண்டு நாள் ஓட்டிவிடுகிறார்கள். வந்த 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும், சலைன் கொடுத்தும் பிரஷர் நிற்காவிட்டால், ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின்.

சரி, 108-ஐக் கூப்பிட்டுவிட்டீர்கள். வண்டி வருவதற்குள் அவர் போடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் எடுத்து வையுங்கள். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகள் நாடியை வேகமாக ஓடவே விடாது. அது எனக்குத் தெரியாவிட்டால், 80 என்று காட்டும் நாடியை நம்பி ஷாக்கையே தவறவிட்டுவிடுவேன்.