கதிர் பட்ட கலம் எதைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிறது?

நம் தோட்டங்களிலிருந்து வாய்ப் புற்றுநோயோடு கண்டிக்கும் மகரகமைக்கும் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர்ச் சிகிச்சை எடுக்க, போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே அளவு கதிர் பட்டும் உடலின் ஒரு கலம் (செல்) சாகிறது, இன்னொன்று தப்பிவிடுகிறது. உள்ளே விழுந்த அடி மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. கலம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

அடி பலமானதுதான். சிகிச்சையில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுப்பார்கள். 1 கிரே பட்டாலே ஒரு கலத்தின் டிஎன்ஏயில் 20 முதல் 40 இடங்களில் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துவிடும்.

கலங்களுக்கு வெளியே கொலாஜன், பைப்ரோனெக்டின், லமினின் ஆகிய புரதங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இதுதான் கலப்புறத் தாயம். கலத்தின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதம் இந்த வலையைப் பற்றியதும், உள்ளே எஃப்ஏகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது ஏகேடி என்ற இன்னொரு நொதியைத் தூண்ட, கலத்தைத் தற்கொலைக்குத் தள்ளும் புரதங்கள் அடங்குகின்றன. அறுந்ததைத் திருத்த அவகாசம் கிடைக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி, வேர் மண்ணில் இருப்பதால்தானே மறுபடி தளிர்க்கிறது! பிடி விட்ட கலமோ கதிர் படாமலே செத்துப்போகும். இந்தச் சாவுக்கு 1994இல் அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பிடி புற்றுநோய்க் கலத்துக்கும் உதவுகிறது என்பதுதான் கவலைக்குரியது. வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தவற்றைவிட, தாயப் புரதங்களின் மேல் வளர்த்த கலங்கள் கதிரிலிருந்து அதிகமாகத் தப்புவதைப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. பீட்டா-1 இன்டெக்ரினைத் தடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தபோது, சுண்டெலிகளில் கட்டி இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது.

வெற்றிலை போடும் நமக்கு இந்தத் தாயம் தூரத்துச் சங்கதி இல்லை. பாக்கிலுள்ள அரெகோலின் என்ற பொருள் கொலாஜனைப் பெருக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு, கொலாஜன் நார்களை இறுகப் பிணைக்கும் நொதியை ஊக்குகிறது. கன்னம் விறைத்து வாய் திறக்க முடியாமல் போவது இப்படித்தான். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. 'புகையிலை சேர்க்கிறதில்லை' என்று ஆறுதல்பட இடமில்லை: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு, பாக்கையே தனியாகப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது.

சிகிச்சைக் கதிரும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைத் தூண்டி, நல்ல திசுவில் மேலும் கொலாஜனைச் சேர்க்கிறது. அதனால் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கான பிறகும் தாடை இறுகலாம். வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்வது இதற்காகத்தான். நோவு குறைந்துவிட்டதென்று அதை நிறுத்திவிடாதீர்கள்.